வண்டிக்கு அலங்காரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டும்

ஒரு காலத்தில் உத்திரமேரூர் வட்டாரத்தில் தொழுவத்தில் ஒரு ஜோடி எருது கட்டியிருந்தால் அந்த வீட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. இன்று அதே தொழுவத்தில் நிற்பது மோட்டார் சைக்கிளோ மொபெட்டோதான். உழவுக்கு டிராக்டர் வாடகைக்கு வருகிறது. அறுவடைக்கும் இயந்திரம் வாடகைக்கு வருகிறது. ஆனால் விடியற்காலையில் பால் கேனைச் சங்கத்துக்குக் கொண்டுபோவது, மும்முனை மின்சாரம் வந்த நேரத்தில் கிணற்றுக்கு ஓடுவது, உர மூட்டையை வயலுக்குச் சேர்ப்பது, நாற்று நடவுக்கு ஆள் அழைத்து வருவது, நெல் கொள்முதல் நிலையத்தில் முறை எப்போது என்று போய்ப் பார்த்து வருவது ஆகிய எல்லாம் சொந்த வண்டியில்தான் நடக்கின்றன. வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடுகிறது.

ஆகவே சிறு விவசாயியின் மோட்டார் சைக்கிளை ஆடம்பரப் பொருள் என்று எண்ணுவது தவறு. மண்வெட்டி, ஏர், தெளிப்பான் போல அதுவும் ஒரு பண்ணைக் கருவி. அப்படியிருந்தும் மண்வெட்டிக்குக் கிடைக்கும் கவனம்கூட வண்டிக்குக் கிடைப்பதில்லை. மண்வெட்டியை வேலை முடிந்ததும் கழுவி வைக்கிறார்கள். வண்டியைக் காய்ந்த சேற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆயுத பூஜை அன்று கழுவிப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு வருஷத்துப் பராமரிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். இன்னொரு பக்கம், அதே வண்டிக்குச் சத்தம் போடும் சைலன்ஸரும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் வாங்கிப் பூட்டுகிறார்கள். தேய்ந்த டயர் தேய்ந்தபடியே இருக்கிறது. இந்த இரண்டு பழக்கமும் மாற வேண்டும். வாரத்துக்குக் கால் மணி நேரம் வீட்டிலேயே செலவிட்டால் பணமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

எருதுக்கு இருந்த பழக்கம்

எருது வைத்திருந்த உழவர் தினமும் அதன் குளம்பைப் பார்ப்பார். கழுத்தில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். லாடம் தேய்ந்தால் அடுத்த நாளே லாடம் கட்டுபவரை அழைப்பார். மாடு வாய் பேசாது என்பதால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளும் வாய் பேசாது. ஆனால் சத்தத்தாலும், சூட்டாலும், புகையாலும் தன் குறையைச் சொல்கிறது. அதைக் கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பராமரிப்பு என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ் பெற்றவை. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை, ஆண்டுதோறும் அதைக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும் என்று அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள். ஏரிக்குப் பொருந்தும் நியாயம் வண்டிக்கும் பொருந்தும். வாங்குவது ஒரு நாள் வேலை, காப்பது நாள்தோறும் வேலை.

மொபெட் 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற பெயரில் வந்தபோது கிராமத்தின் நடை மாறியது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின், குறைந்த பெட்ரோல் என்று அது பெயர் வாங்கியது. இன்று காஞ்சிபுரம் மாவட்டமே மோட்டார் சைக்கிள் செய்யும் மாவட்டம். 1955-இல் சென்னையில் தொடங்கித் திருவொற்றியூரில் ஓடிய என்பீல்டு, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை திறந்தது. யமஹா தொழிற்சாலையும் வல்லம் வடகாலில்தான் இருக்கிறது. வண்டி செய்யும் மாவட்டத்தில் வண்டியைக் காக்கத் தெரியாமல் இருப்பது பொருத்தமாக இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு விவசாயியின் வண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 9,000 கிலோமீட்டர். நல்ல நிலையில் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 150 லிட்டர் போதும். காற்றுக் குறைந்த டயர், இறுகிய பிரேக், வறண்ட செயின், அடைபட்ட ஏர் பில்டர் ஆகியவற்றால் அதே வண்டி 50 கிலோமீட்டராக இறங்கினால் 180 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 3,000 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் ஏறக்குறைய 267 ரூபாய். அப்படியானால் கவனக்குறைவால் புகையாகப் போவது 11 மூட்டை யூரியாவின் விலை.

இதில் பழுதுச் செலவு சேரவில்லை. வேலை நாள் கெட்ட நஷ்டமும் சேரவில்லை. விழுந்து கை கால் முறிந்தால் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கிடக்க வேண்டும். நடவு நேரத்தில் வீட்டின் உழைப்பாளி படுத்துவிட்டால் அந்தப் போகமே போய்விடும். கணக்கில் எழுத முடியாத நஷ்டம் அதுதான்.

வாரம் கால் மணி நேரம்

முதலில் பார்க்க வேண்டியது டயர். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். சாதாரண 100 சி.சி. வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 25 பவுண்டு அழுத்தத்தை ஒட்டியும், பின் சக்கரத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். பின்னால் ஆளோ சுமையோ ஏறும்போது பின் சக்கரத்துக்கு மேலும் கூட்ட வேண்டும். சரியான அளவு வண்டியிலேயே சீட்டாக ஒட்டப்பட்டிருக்கும், கையேட்டிலும் இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "காற்று இருக்கிறது" என்று சொல்வது அளவு ஆகாது. அளவு காட்டும் முள் உள்ள கால் பம்ப் ஒன்றை இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டால் பல ஆண்டு உதவும். கருவேல முள் ஏறியிருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்றும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடாக ஒரு தேய்மானக் குறி இருக்கும். டயர் அந்த மேடு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதை மாற்றியே தீர வேண்டும். ஈரச் சாலையில் மொழுக்கை டயர் பிடிக்காது.

இரண்டாவது செயின். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிட்ட பிறகே செயினில் கை வைக்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டுச் சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த பழைய பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துடைத்துக் காயவைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்குப் போடுவது சிக்கனம் அல்ல. அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள் செயினையே அரிக்கும்.

செயினின் கீழ்ப் பகுதி நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கழன்றுவிடும். மிகவும் இறுகினால் பேரிங்கும் பல்சக்கரமும் கெடும். இறுக்கும்போது பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள குறிகளைப் பார்த்துச் சமமாக நகர்த்த வேண்டும். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாக நிற்கும். பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. சக்கரம் பின்னால் நகரும்போது பின் பிரேக் கம்பியும் இறுகிவிடும். எனவே செயினை இறுக்கிய உடனே பிரேக்கையும் சரி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடி, டிரம் சூடேறும், பெட்ரோலும் வீணாகும். செயின் லாக் கழற்றி மாட்டினால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது பிரேக். டிரம் பிரேக் உள்ள வண்டியில் கைப்பிடி நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டரும், கால் பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டரும் வெறும் ஆட்டம் இருந்தால் போதும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் உரசாமல் சுழல வேண்டும். பிரேக் தட்டில் ஒரு அம்புக்குறி உண்டு. பிரேக்கை அழுத்தும்போது அந்த அம்பு தட்டில் உள்ள எல்லைக் குறியை எட்டிவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நட்டை முறுக்கிப் பயன் இல்லை, ஷூவை மாற்ற வேண்டும். கிளட்ச் கைப்பிடியிலும் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் தேவை. கடைசியாக முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன் நான்கையும் ஒருமுறை பார்த்துவிட்டால் வார வேலை முடிந்தது.

ஆயிலும் காற்றும்

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும். அந்தப் பழக்கத்தில் வந்த சிலர், புதிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இஞ்சினுக்குள் தனியாக ஆயில் நிற்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும் 2015-இல் நான்கு ஸ்ட்ரோக்காக வந்துவிட்டது. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிஷம் பொறுத்து அளவுக் குச்சியைத் துடைத்து இறக்கிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்ப்பதே சரியான அளவு. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கி ஓடினால் பிஸ்டனும் சிலிண்டரும் உரசிக் கெடும். அந்தச் செலவு ஒரு லிட்டர் ஆயில் விலையைப் போலப் பல மடங்கு.

ஆயில் வாங்கும்போது கையேட்டில் சொன்ன நம்பரையே கேட்டு வாங்க வேண்டும். 10 டபிள்யூ 30 என்பது பல 100 சி.சி. வண்டிகளுக்கு உரியது. காருக்கு உரிய ஆயிலையோ டிராக்டர் ஆயிலையோ மிச்சமிருக்கிறது என்று ஊற்றக் கூடாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. வேறு ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வடித்த ஆயிலை வரப்பிலோ கால்வாயிலோ கிணற்றடியிலோ கொட்டுவது தன் நிலத்துக்குத் தானே விஷம் வைப்பது போன்றது. பழைய கேனில் சேர்த்து வைத்து, எடுத்துக்கொள்ளும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஏர் பில்டர். உத்திரமேரூர், சாலவாக்கம் பக்கம் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் பறக்கும் கல் தூசு கொஞ்சநஞ்சம் அல்ல. அறுவடைக் காலத்து நெல் தூசும் இதோடு சேரும். நகரத்து வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கு இங்கே பொருந்தாது. பாதித் தூரத்திலேயே பில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. பஞ்சு பில்டராக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். காகித பில்டரைக் கழுவவே கூடாது. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். "காற்று நன்றாகப் போகட்டும்" என்று பில்டரை எடுத்துவிட்டு ஓட்டுவது இஞ்சினுக்குள் மணலை அள்ளிப் போடுவதற்குச் சமம்.

பிளக்கின் நிறமும் பல சேதி சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது பில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் இஞ்சின் அதிகம் சூடாகிறது. இஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதலில் கையால் திருகி ஏற்றிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். கோணலாக ஏறினால் மரை போய்விடும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025-இல் நாடு முழுவதும் பரவிவிட்டது. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் பகுதியில் எத்தனால் புதிய சொல் அல்ல. எத்தனாலுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழைக்காலத்தில் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், பழைய வண்டியில் பெட்ரோல் குழாய் வெடித்துக் கசிகிறதா என்று பார்ப்பதும் இதனால் முன்னைவிட முக்கியம் ஆகிவிட்டன.

வயல் வண்டிக்கு உரிய கேடுகள்

கம்பெனிக் கையேடு நகரத்து வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வயலுக்குப் போகும் வண்டிக்கு வேறு கேடுகள் உண்டு. யூரியாவும் பொட்டாஷும் சிந்திய இடத்தில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். உரம் ஏற்றிய அன்றே கேரியர், போக்ஸ் கம்பிகள், ரிம் ஆகியவற்றை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். அதற்காகப் பம்பு செட்டிலிருந்து பீறிடும் தண்ணீரில் வண்டியை நேராகக் காட்டக் கூடாது. சக்கர பேரிங், ஸ்விட்சு, சைலன்ஸர் துளை ஆகியவற்றுக்குள் தண்ணீர் புகும். குவளையும் துணியும் போதும். கழுவிய பிறகு வண்டியைச் சற்று ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்து உலர்த்த வேண்டும். செய்யாறு பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்துத் தண்ணீரைக் கடந்த பிறகும் இதையே செய்ய வேண்டும். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் வேகமாக ஓடும்போது கடப்பதே கூடாது என்பது தனி.

வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளின் சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம் இருக்கிறது. அது மிகவும் சூடாகும். காய்ந்த வைக்கோல் பட்டால் வண்டியும் போகும், போரும் போகும். சக்கர அச்சில் சுற்றிக்கொண்ட வைக்கோலையும் கயிற்று நாரையும் அவ்வப்போது அறுத்து எடுக்க வேண்டும். நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் வண்டியை நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். பூச்சிமருந்து பாட்டிலைச் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரே பையில் மாட்டிக்கொண்டு போவது வண்டிக்கு அல்ல, ஆளுக்கே ஆபத்து.

சுமைக்கு ஓர் எல்லை

100 சி.சி. வண்டி, ஓட்டுபவரையும் சேர்த்து, ஏறக்குறைய 130 கிலோ சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு யூரியா மூட்டை ஏற்றினால் 155 கிலோ ஆகிவிடுகிறது. "இழுக்கிறதே" என்று சொல்வார்கள். இழுப்பது இஞ்சின்தான். நிறுத்த வேண்டியது பிரேக். இழுக்கும் வண்டியெல்லாம் நிற்கும் என்பது நிச்சயம் இல்லை. ஒரு மூட்டையாக இரண்டு நடை போவதே சரி. மொபெட்டின் முன் தளத்தில் மூட்டை வைக்கும்போது ஹேண்டில்பார் இரு பக்கமும் முழுவதும் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கேனை இரு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். நீளமான குழாயையும் கம்பியையும் குறுக்கே வைத்துப் போவது எதிரில் வருபவருக்குச் செய்யும் அநியாயம்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

வண்டியை மேம்படுத்துவது தப்பல்ல. எதற்காக என்பதுதான் கேள்வி. நிற்பதற்கும், பிடிப்பதற்கும், பிறர் கண்ணில் படுவதற்கும் செய்யும் செலவு நல்ல செலவு. வண்டல் தடத்தில் பிடிக்கும் நல்ல பின் டயர், இரு பக்கமும் கண்ணாடி, சேறு தெறிக்காத மட் பிளாப், பின்னால் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர், பலமான கேரியர், பஞ்சர் சாமான் ஆகியவை பயன் தருபவை. தெருவிளக்கு இல்லாத கிராமச் சாலையில் அந்தச் சிறிய ஸ்டிக்கர் உயிர் காக்கும். பின்னால் பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் வண்டியில் சேலைக் காப்பு அவசியம். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் படியும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதியே. மூட்டை கட்ட இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வீசுகிறார்கள். கழற்றிய வீட்டில் உடனே திரும்பப் பூட்ட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும். வயல் வரைக்கும்தானே என்பது சமாதானம் ஆகாது. விழுந்தால் தரை எங்கும் ஒன்றுதான்.

சைலன்ஸரை மாற்றிச் சத்தம் ஏற்றுவது, எதிரில் வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பூட்டுவது, இஞ்சினைத் தோண்டி வேகம் கூட்டுவது ஆகியவை வீண். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்படி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் சிக்கல் எழலாம். கூடுதல் விளக்குக்காக ஒயரை வெட்டி ஒட்டினால் பேட்டரி தீரும், ஒயர் சூடேறும். வீட்டு இளைஞர்கள் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்தப் பணத்தில் முதலில் டயர், பிறகு பிரேக், பிறகு ஹெல்மெட் என்று ஒரு வரிசையைப் பெரியவர்கள் வகுத்துச் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்கின் இடம்

இப்படி எல்லாவற்றையும் வீட்டில் செய்தால் ஊர் மெக்கானிக்கின் பிழைப்பு என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இது: லேசான வேலை வீட்டுக்கு, கனமான வேலை மெக்கானிக்குக்கு. வால்வு இடைவெளி, கிளட்ச் தட்டு, சக்கர பேரிங், டிஸ்க் பிரேக், ஒயரிங் ஆகியவற்றில் வீட்டில் கை வைக்கக் கூடாது. பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதற்கு உரிய கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். புதிய வண்டியின் இலவச சர்வீஸ்களைக் காலம் தவறாமல் செய்துகொள்வதும் அவசியம், தவறினால் வாரண்டி பாதிக்கப்படலாம். குறை இன்னது என்று தெரிந்து வரும் வாடிக்கையாளரிடம் நல்ல மெக்கானிக்குக்கு வேலை எளிது. வாடிக்கையாளருக்கும் ஏமாறும் பயம் இல்லை.

சங்கங்களும் அரசும் செய்ய வேண்டியது

மாடு இருந்த காலத்தில் கால்நடை முகாம் ஊர் தேடி வந்தது. இன்றும் வருகிறது, வரவும் வேண்டும். மாட்டின் வேலையில் பாதியைச் செய்யும் வண்டிக்கும் அப்படி ஒரு முகாம் இருந்தால் நல்லது. ஐ.டி.ஐ. மாணவர்களைக் கொண்டு, சம்பா நடவு தொடங்கும் முன்பும் அறுவடைக்கு முன்பும் ஆண்டுக்கு இருமுறை ஒன்றியந்தோறும் முகாம் நடத்தலாம். மாணவர்களுக்குப் பயிற்சி, விவசாயிகளுக்குப் பாடம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரம் வாங்க வருபவருக்கு வாசலிலேயே அளவு பார்த்துக் காற்று அடிக்கும் பம்ப் ஒன்று வைப்பது பெரிய செலவு அல்ல. மாவட்டத்தில் இருக்கும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் தம் பங்குக்குக் கிராமத்து மெக்கானிக்குகளுக்குப் புதிய வண்டிகளைப் பற்றிப் பயிற்சி அளிக்கலாம்.

இந்த முகாம்களுக்குப் பெண்களும் வர வேண்டும். பால் சங்கத்துக்கும் வயலுக்கும் எக்ஸ்.எல். ஓட்டிப் போகும் பெண்களைக் கிராமங்களில் காணலாம். காற்று அளக்கவும் செயின் பார்க்கவும் ஆண் துணை தேவையில்லை. வண்டி வாங்கும்போது கையேட்டைத் தமிழில் கேட்டு வாங்கி, கல்யாணப் பத்திரிகை போலப் பத்திரப்படுத்தாமல், படித்துப் பார்க்க வேண்டும்.

முகாம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பழைய பிரஷ், கியர் ஆயில் பாட்டில், காற்று அளக்கும் பம்ப் ஆகிய இத்தனை இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டும். கடனில் வாங்கிய வண்டி தவணை முடிந்த பிறகும் பல ஆண்டு உழைக்க வேண்டுமானால் இதுவே வழி.